மைக்ரோமீட்டரில் தொடங்குங்கள்: பள்ளிப் பிள்ளைகளுக்கு நவீன உற்பத்தித் தொழிலை அறிமுகப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில், அதாவது பாடப்புத்தகம் சொல்லும் திருகு அளவியில், வைத்து அளந்தாள். 0.07 மி.மீ. பக்கத்தில் இருந்தவளுக்கு 0.06 வந்தது. "ஏனுங்க சார், இவ முடி என் முடியவிடத் தடிமனுங்களா?" என்று கேட்டாள். அடுத்த நிமிடம் வகுப்பில் எல்லார் கையும் தலையில்தான்.

அதற்கு முந்தைய வருடம் இதே பள்ளியில் ஒரு மணி நேரம் புரொஜெக்டர் போட்டு, வெல்டிங் செய்யும் ரோபோ, ஐந்து அச்சில் சுழன்று வெட்டும் இயந்திரம் என்று வீடியோவாகக் காட்டிப் பேசியிருந்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. ஒரு முடி செய்த வேலையை அந்த ரோபோ செய்யவில்லை.

நான் கோவை கணபதி பக்கம் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை (எண்களைப் படித்து வெட்டும் இயந்திரங்கள்) வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க்தான், பிறர் தரும் டிராயிங்குக்குத் துண்டு செய்து கொடுப்பது. சில வருடங்களாகச் சுற்றுவட்டார அரசுப் பள்ளிகளில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைக் காட்டி வருகிறேன். பலமுறை சொதப்பி, அப்புறம் கொஞ்சம் பிடிபட்டது. ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், என்னைப் போன்ற பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். உதாரணங்கள் கோவையைச் சுற்றி இருக்கும். அம்பத்தூர், ஓசூர், திருச்சி, ராணிப்பேட்டை என்று எந்தத் தொழில் ஊரிலும் இதையே செய்யலாம்.

எதைக் காட்டப் போகிறோம்

'நவீன உற்பத்தி' என்றதும் பிள்ளைகள் ரோபோவை நினைப்பார்கள், பெற்றோர் கிரீஸ் படிந்த சட்டையை நினைப்பார்கள். இரண்டும் முழு உண்மை இல்லை. ஒரு பம்புசெட் ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு லேத்தில் கடைசல்காரர் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, நிறுத்தி அளந்து, மறுபடி சுற்றி அதைச் செய்தார். இன்று ஒருவர் அதைக் கணினியில் வரைகிறார், ஒருவர் வெட்டும் பாதையை எழுதுகிறார், ஒருவர் இயந்திரத்தில் டூலையும் (வெட்டும் கருவி) ஜாப்பையும் (வெட்டப்படும் துண்டு) செட் செய்கிறார், ஒருவர் முடிந்த துண்டை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளந்து பார்க்கிறார், இயந்திரம் நின்றுபோனால் சர்வோ மோட்டாரையும் சென்சாரையும் பார்க்க வேறொருவர் வருகிறார். பொருள் அதே ஷாஃப்ட்தான். அதைச் சுற்றி ஐந்தாறு தொழில்கள் முளைத்திருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது அந்த ஐந்தாறு தொழில்கள்.

கோவையில் இருப்பவர்கள் இங்கே ஊர்க்கதையையும் சேர்த்துக்கொள்ளலாம். 1937-இல் பீளமேட்டில் மின்மோட்டார் உருவான கதையில் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு என்ற இரண்டு பெயர்கள் வரும். ஒரு எச்சரிக்கை: ஜி.டி. நாயுடுவின் கதையைப் பாதியில் நிறுத்தினால் 'படிக்காமலே சாதிக்கலாம்' என்று பின் வரிசைப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். பள்ளியை விட்டு ஓடிய அதே மனிதர்தான் 1945-இல் ஒரு பாலிடெக்னிக் வருவதற்குப் பணம் கொடுத்தார். அதையும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

படி 1: சுற்றி நடந்து பாருங்கள்

வகுப்புக்குப் போகும் முன் ஒரு சனிக்கிழமை இரண்டு ஆசிரியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் என்னென்ன பட்டறைகள் இருக்கின்றன என்று பார்த்து வாருங்கள். ஃபவுண்டரி, லேத் பட்டறை, சிஎன்சி, வயர் கட் (மின்சாரம் பாயும் கம்பியால் வெட்டுவது), ஹீட் ட்ரீட்மென்ட் (சூடாக்கிக் கடினமாக்குவது), பிளாஸ்டிக் மோல்டிங், மோட்டார் காயில் கட்டும் கடை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பெரிய கம்பெனி கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நான்கு இயந்திரம் வைத்திருக்கும் பட்டறைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பேசுவார். பெரிய ஆலையில் அனுமதிக் கடிதம் வாசல் தாண்டவே ஒரு மாதம் ஆகும்.

போகும்போது மூன்று பொருள் கேட்டு வாங்குங்கள்: கழித்துப் போட்ட பேரிங்குகள், அளவு தப்பி ரிஜெக்ட் ஆன துண்டுகள், அந்தத் துண்டுகளுக்கான பழைய டிராயிங் தாள். டிராயிங்கில் வாடிக்கையாளர் பெயர் இருந்தால் அதைக் கிழித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தரத் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. இந்தக் குப்பைதான் உங்கள் ஆய்வகம்.

படி 2: அளக்கக் கற்றுக்கொடுங்கள்

முழு வருடத்தில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் இதை மட்டும் செய்யுங்கள். நான்கு பீரியட் ஆனாலும் பரவாயில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இது பாடத்திலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே அளவீடு. வெர்னியர் அளவி, திருகு அளவி, மீச்சிற்றளவு (கருவி காட்டும் மிகச் சிறிய அளவு), சுழிப்பிழை (மூடிய நிலையிலேயே கருவி சுழியில் நிற்காத பிழை) எல்லாம் அதில் உண்டு. நாம் மைக்ரோமீட்டர் என்பதும் புத்தகம் திருகு அளவி என்பதும் ஒன்றுதான். பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எதற்கு அளக்கிறோம் என்பது மட்டும் சொல்லப்படவே இல்லை.

முதலில் ஏ4 தாளை அளக்கச் சொல்லுங்கள். சாதாரண ஜெராக்ஸ் தாள் 0.1 மி.மீ. பக்கத்தில் வரும். அடுத்து முடி. அப்புறம் ஒரு வேடிக்கை: ஒரே துண்டை ஐந்து பேர் அளந்து, ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் தாளில் எழுதித் தர வேண்டும். ஐந்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஐந்தும் ஒன்றாக இருக்காது. யார் சரி என்று சண்டை வரும். வரட்டும். அழுத்திப் பிடித்தது யார், ரேட்செட்டை (அளவுக்கு மேல் அழுத்தாமல் சொடுக்கிவிடும் நுனித் திருகு) சுற்றாமல் உடம்பைப் பிடித்துச் சுற்றியது யார், சுழிப்பிழை பார்க்காதது யார் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஒரு அளவு மட்டும் சரியாக அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். இது எங்கள் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களும் செய்கிற தப்பு. பள்ளி ஆய்வகத் திருகு அளவியில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ., தலைக்கோலில் 100 பிரிவு. பட்டறை மைக்ரோமீட்டரில் ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ., 50 பிரிவு. இரண்டுக்கும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ.தான். ஆனால் பட்டறைக் கருவியில் அரைக் கோடு வெளியே தெரிகிறதா என்று பார்க்காமல் படித்தால் 12.85 என்பது 12.35 ஆகிவிடும்.

டிஜிட்டல் வெர்னியர் இப்போது ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே சுமாரானது கிடைக்கிறது. வாங்கலாம், ஆனால் முதல் மாதம் வெளியே எடுக்காதீர்கள். எண் தானாக வந்துவிட்டால் கண்ணுக்கு வேலை இல்லை.

இப்போது பேரிங்கை எடுங்கள். அதன் பக்கவாட்டில் 6205 என்று பொறித்திருக்கும். உள் விட்டம் அளக்கச் சொல்லுங்கள்: 25 மி.மீ. வெளி விட்டம் 52, அகலம் 15. அடுத்து 6204: உள் விட்டம் 20. "கடைசி இரண்டு எண்ணை அஞ்சால பெருக்குனா உள் விட்டம் சார்!" என்று யாராவது கத்துவார்கள். கத்தியவர் கையில் 6203-ஐக் கொடுங்கள். 15 வர வேண்டும், 17 வரும். 'பழைய பேரிங், தேஞ்சிருக்கும்' என்று சமாதானம் சொல்லப் பார்ப்பார்கள். தேய்மானம் 2 மில்லிமீட்டர் வராது. இந்தக் குறியீட்டில் 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. ஐந்தால் பெருக்கும் கணக்கு 04-இலிருந்துதான் தொடங்குகிறது. விதியைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி, விதி உடைந்த எரிச்சல் இரண்டும் ஒரே பீரியடில் கிடைக்கும்.

இங்கிருந்து டாலரன்ஸுக்கு, அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்புக்கு வரலாம். ஷாஃப்டின் டிராயிங்கில் 25 என்று போட்டு, பக்கத்தில் மேலே 0, கீழே -0.02 என்று சின்னதாக எழுதியிருக்கும். 24.98 முதல் 25.00 வரை எது வந்தாலும் ஜாப் ஓகே. 25.01 என்றால் மறுபடி ஒரு கட் எடுக்கலாம். 24.97 என்றால் துண்டு காயலான் கடைக்கு. கூடினால் திருத்தலாம், குறைந்தால் போச்சு என்ற இந்த ஒரு விஷயம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடித்துவிடுகிறது. தையல் தெரிந்த வீட்டுப் பிள்ளை இருந்தால் உடனே தலையாட்டும். துணி வெட்டுவதும் அப்படித்தானே.

நேரம் இருந்தால் வெயிலையும் கொண்டுவாருங்கள். 100 மி.மீ. நீள எஃகுத் துண்டு 10 டிகிரி சூடானால் சுமார் 0.012 மி.மீ. நீளும். இயற்பியலில் படித்த நீள் விரிவுதான். அளவீட்டுக்கு உலகம் முழுக்க 20 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலை வைத்திருப்பதும், அளவு பார்க்கும் அறையில் மட்டும் ஏசி ஓடுவதும் அதனால்தான். 'அளவு பாக்குற அண்ணனுக்கு மட்டும் ஏசியா?' என்று பட்டறையில் கேட்கிற பிள்ளைக்குப் பதில் இங்கே இருக்கிறது.

படி 3: பிள்ளையையே இயந்திரமாக்குங்கள்

சிஎன்சி என்பது எண்களைப் படித்து அசையும் இயந்திரம். எண்களால் இயந்திரத்தை ஓட்டும் இந்த முறையை அமெரிக்காவின் எம்ஐடியில் 1952-இல் செய்து காட்டினார்கள். அப்போது எண்கள் துளையிட்ட நாடாவில் போயின. இதை விளக்க இயந்திரம் தேவையில்லை, கணினியும் தேவையில்லை. கிராஃப் தாளும் பென்சிலும் போதும். ஆயத்தொலைவுகள் படித்த பிள்ளைகள்தானே.

இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வையுங்கள். ஒருவர் புரோகிராமர், ஒருவர் இயந்திரம். இயந்திரம் யோசிக்கக் கூடாது, எழுதியதை மட்டும் செய்ய வேண்டும். ஜி00 என்றால் பென்சிலைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போ. ஜி01 என்றால் கோடு போட்டபடி நிதானமாகப் போ. எம்30 என்றால் முடிந்தது. முதல் புரோகிராமைப் பலகையில் எழுதுங்கள்:

ஜி00 எக்ஸ்0 ஒய்0
ஜி01 எக்ஸ்40 ஒய்0
ஜி01 எக்ஸ்40 ஒய்30
ஜி01 எக்ஸ்0 ஒய்0
எம்30

ஒரு செங்கோண முக்கோணம் வரும். சாய்ந்த பக்கம் எவ்வளவு? அளந்தால் 50. பிதாகரஸ் தானாக வந்து நிற்பார்.

இங்கே நிறுத்தாதீர்கள், காசு கணக்குக்குப் போங்கள். மொத்தப் பாதை 40, 30, 50 சேர்த்து 120 மி.மீ. டூல் நிமிடத்துக்கு 100 மி.மீ. நகர்ந்தால் ஒரு துண்டுக்கு 72 விநாடி. 500 துண்டுக்கு? 36,000 விநாடி, அதாவது 10 மணி நேரம். பாதையைக் கொஞ்சம் மாற்றி ஒரு துண்டுக்கு 6 விநாடி குறைத்தால் 500 துண்டில் 50 நிமிடம் மிச்சம். பட்டறையில் நாங்கள் ராத்திரி பகலாகப் பேசுவது இந்தச் சைக்கிள் டைம் பற்றித்தான். கணக்குப் பிடிக்காத பையன் ஒருவன் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சுற்றில் வேண்டுமென்றே தப்பான புரோகிராம் கொடுங்கள். ஒரு இடத்தில் கழித்தல் குறியை விட்டுவிடுங்கள். பென்சில் தாளை விட்டு வெளியே போகும், வகுப்பு சிரிக்கும். அப்போது சொல்லுங்கள்: இது நிஜ இயந்திரமாக இருந்தால் டூல் போய், துண்டைப் பிடித்திருக்கும் சக்கில் மோதியிருக்கும். என் பட்டறையில் அது நடந்திருக்கிறது, எழுதியது நான்தான். சில கன்ட்ரோலர்களில் தசமப் புள்ளி வைக்காமல் விட்டால் 40 என்பதை 40 மில்லிமீட்டராக எடுக்காமல் 40 மைக்ரானாக எடுத்துக்கொள்ளும் செட்டிங்கும் உண்டு. புள்ளி வைக்க மறந்ததற்குப் பள்ளியில் அரை மார்க் போகும். இங்கே ஸ்பிண்டில், இயந்திரத்தின் சுழலும் தண்டே போகும்.

படி 4: திரையும் பிரிண்டரும்

ஹைடெக் லேப் (கணினி ஆய்வகம்) இருக்கும் பள்ளியில், முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்களான டிங்கர்கேட், ஃப்ரீகேட் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது பிரவுசரிலேயே ஓடும். படி 2-இல் அளந்த பேரிங்கையே வரையச் சொல்லுங்கள். கற்பனைக் கோட்டை வரைவதைவிட, கையில் இருக்கும் பொருளை அளந்து வரைவது நூறு மடங்கு மேல்.

2016 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளுக்கு வரும் அடல் டிங்கரிங் லேப் உங்கள் பள்ளியில் இருந்தால் அங்கே முப்பரிமாணப் பிரிண்டர் இருக்கும். பல இடங்களில் அது கீசெயினும் பிள்ளையார் பொம்மையும் அச்சடித்துவிட்டு உறை போட்டுத் தூங்குகிறது. பிள்ளையாருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பொம்மையில் தப்பு தெரியாது, அதுதான் சிக்கல். 10 மி.மீ. துளை உள்ள ஒரு தகடும், அதில் நுழையும் 10 மி.மீ. குச்சியும் அச்சடியுங்கள். குச்சி நுழையாது. துளையை அளந்தால் 10-க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பிளாஸ்டிக் இழை பிரிண்டரில் பெரும்பாலும் அப்படித்தான் வரும். எவ்வளவு கூட்டினால் நுழையும், எவ்வளவு கூட்டினால் ஆடும் என்று மூன்று நான்கு முறை அச்சடித்துப் பார்க்கட்டும். ஃபிட் என்ற சொல்லின் அர்த்தம் விரலில் ஏறிவிடும்.

பிரிண்டர் இல்லையா? இந்தப் படியை விட்டுவிட்டுப் போங்கள். ஒன்றும் குறையாது.

படி 5: பட்டறைக்கு அழைத்துப் போவது

என் முதல் அனுபவம் படுதோல்வி. ஒரு பெரிய ஆலைக்கு அறுபது பிள்ளைகளை ஒரே பேருந்தில் அழைத்துப் போனோம். வழிகாட்டியவர் முன்னால் நடந்து ஆங்கிலத்தில் விளக்கினார், பின்னால் வந்த ஐம்பது பேருக்குக் காதில் விழுந்தது கம்ப்ரஸர் சத்தம் மட்டும். திரும்பி வந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், கேன்டீனில் கொடுத்த போண்டாவைச் சொன்னார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

அதனால் இப்போது ஒரு முறைக்குப் பதினைந்து பேர்தான். சின்னப் பட்டறை. ஒரு மணி நேரம். மூன்று குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு துண்டைப் பின்தொடர வேண்டும்: கம்பியாக வந்து இறங்கும் இடத்திலிருந்து எண்ணெய் தடவிப் பெட்டியில் அடுக்கும் இடம் வரை. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி எழுதிய சீட்டு. 'இந்த வேலையில் இன்று முதல் துண்டை யார் அளந்து ஓகே சொன்னது?' 'டூல் தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?' 'போன மாதம் எத்தனை ரிஜெக்ட்?' கடைசிக் கேள்விக்கு முதலாளிகள் நெளிவார்கள். நெளிந்தாலும் சொல்லிவிடுவார்கள், பிள்ளை கேட்டால் மறைக்க மனம் வராது.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் கையெழுத்தும் முன்கூட்டியே. செருப்பு கூடாது, மூடிய ஷூ. முடியைப் பின்னிக் கட்ட வேண்டும், துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும் அல்லது கோட்டுக்குள் போட வேண்டும். வளையல், கயிறு, மோதிரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. கையுறை போட்டால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். சுழலும் இயந்திரத்தின் அருகே கையுறைதான் கையை இழுத்துக்கொண்டு போகும். தரையில் சுருண்டு கிடக்கும் எஃகுச் சீவல் பார்க்க அழகாக இருக்கும், ஒருவராவது எடுக்கக் குனிவார். அது பிளேடு. காற்றுக் குழாயை யார் மேலும் அடித்து விளையாடக் கூடாது. இவ்வளவையும் வகுப்பிலேயே சொல்லி, வாசலில் இன்னொரு முறை சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்களுக்கு ஒரு சொல். வந்த பிள்ளையிடம் 'சும்மா ரெண்டு துண்டு எடுத்துக் கொடு கண்ணு' என்று விளையாட்டுக்கும் வேலை வாங்காதீர்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம், 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒரு படம் வெளியே போனால் பள்ளி அடுத்த வருடம் உங்கள் தெருப் பக்கமே வராது.

படி 6: முதலாளியை அல்ல, செட்டரைப் பேச வையுங்கள்

பள்ளிக்கு ஒருவரைப் பேச அழைப்பதென்றால் எல்லாரும் நிர்வாக இயக்குநரைத் தேடுகிறார்கள். அவர் வந்து விடாமுயற்சி பற்றிப் பேசுவார். பிள்ளைக்குத் தேவை தன்னைவிட ஏழெட்டு வயதே மூத்த, ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வேலை பார்க்கும் ஒரு அண்ணனோ அக்காவோ. முடிந்தால் அதே பள்ளியில் படித்தவர்.

அவரிடம் பிள்ளைகள் கேட்க வேண்டியவை: முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு, நைட் ஷிஃப்ட் உண்டா, நின்றுகொண்டே வேலையா, காண்ட்ராக்டா பெர்மனென்டா, ஓவர்டைம் கட்டாயமா. மேடைப் பேச்சில் இதெல்லாம் வராது. வர வேண்டும். எட்டு மணி நேரம் நிற்பது கால் வலிக்கும். வெட்டும்போது ஊற்றும் கூலன்ட் திரவத்தின் வாடை முதல் வாரம் தலையைச் சுற்றும். காண்ட்ராக்டில் வருடக்கணக்காக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இதை மறைத்து அனுப்பினால் மூன்றாம் மாதம் திரும்பி வந்துவிடுவார்கள், தம்பியையும் விடமாட்டார்கள்.

மேலே போகும் வழியையும் அவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஆபரேட்டர் பொத்தானை அமுக்கித் துண்டை மாற்றுபவர். செட்டர் புது ஜாப்பை இயந்திரத்தில் ஏற்றி, டூல் ஆஃப்செட் (டூலின் நீளம், தேய்மானத்துக்கான திருத்தம்) கொடுத்து, முதல் துண்டை அளவுக்குக் கொண்டுவருபவர். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சம்பளம் எகிறுகிறது. பொத்தான் அமுக்குவதோடு நின்றவரின் இடத்தில் நாளை ஒரு ரோபோ கை வரலாம், பல இடங்களில் வந்தும் விட்டது. அந்த ரோபோவுக்கு ஃபிக்ஸர் (துண்டைப் பிடித்து நிறுத்தும் தாங்கி) செய்து, செட் பண்ணி, நின்றால் சரிசெய்யப் போவது செட்டராக வளர்ந்தவர்தான்.

பெண் ஒருவரையும் கட்டாயம் அழையுங்கள். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மின்னணு ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆனால் லேத் பட்டறைத் தெருவில் இன்னும் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அளவு பார்க்கும் அறை, டிசைன், புரோகிராமிங் இங்கெல்லாம் பெண்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரு அக்கா சிஎம்எம் என்ற அளவு பார்க்கும் இயந்திரத்தின் படத்தைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினால் போதும். கழிப்பறை, பேருந்து வசதி, இரவு ஷிஃப்ட் பற்றியும் அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்கப்போவது அதைத்தான்.

படி 7: எந்த வாசல் வழியாக நுழைவது

பத்தாவதுக்குப் பிறகு பதினொன்றாவது மட்டும்தான் வழி என்று பாதிக் குடும்பங்கள் நினைக்கின்றன. இந்த இடத்தில் கரும்பலகையில் படம் போட்டு விளக்குங்கள்.

ஐடிஐக்குக் குறைந்தபட்ச வயது 14. எட்டாவது முடித்தவர் வெல்டர் பிரிவில் சேரலாம், ஒரு வருடம். பத்தாவது முடித்தவருக்கு ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்டு டை மேக்கர் எல்லாம் இரண்டு வருடம். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பஸ் பாஸ் உண்டு. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். மேம்பட்ட சிஎன்சி, ரோபோட்டிக்ஸ், தானியங்கிக் கட்டுப்பாடு, மின்வாகனம் என்று புதுப் பிரிவுகள் அங்கே வந்துள்ளன. உங்கள் ஊர் ஐடிஐ அந்த 71-இல் ஒன்றா என்று போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், பட்டறையைவிட அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

டிப்ளமோ பத்தாவதுக்குப் பின் மூன்று வருடம். பன்னிரண்டாவதோ இரண்டு வருட ஐடிஐயோ முடித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக, ஐடிஐயில் நுழைந்தவருக்கு இன்ஜினியரிங் கதவு மூடிவிடவில்லை. வீட்டில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் முகம் மாறும், பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக், மோல்டு பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்கு கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசுப் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு, 1968-இல் தொடங்கியது, பத்தாவதுக்குப் பின் சேரும் டிப்ளமோக்கள் இருக்கின்றன. டூல் ரூம் பயிற்சிக்குப் பெயர் பெற்ற என்டிடிஎஃப் 1959-இல் கேரளத்தின் தலச்சேரி அருகே நெட்டூரில் தொடங்கியது. அங்கே கட்டணம் உண்டு, விசாரித்துச் சேருங்கள். பன்னிரண்டாவது வரை போய் இன்ஜினியரிங்தான் என்பவர்களுக்கு, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு இருக்கிறது. ஐடிஐ, டிப்ளமோ படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். கல்லூரிக்கு மட்டும்தான் இந்தப் பணம் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை.

படிப்பு முடிந்ததும் அப்ரென்டிஸ் பயிற்சி. சம்பளம் குறைவு என்று தவிர்க்கச் சொல்லாதீர்கள். எங்கே சேர்ந்தால் செட்டிங் கற்றுத் தருவார்கள், எங்கே வருடம் முழுக்கத் துண்டு துடைக்க விடுவார்கள் என்று முன்னால் போன பையன்களிடம் விசாரித்துவிட்டுச் சேர்வதுதான் புத்திசாலித்தனம்.

படி 8: பெற்றோர் கூட்டம்

இதைத் தள்ளிப் போட முடியாது. 'நான் பட்டறையில கஷ்டப்பட்டது போதாதா, இவனுமா?' என்று ஒரு அப்பா எழுந்து கேட்பார். கேட்பவர் பெரும்பாலும் இந்தத் தொழிலின் உள்ளேயே இருப்பவர். ஃபவுண்டரியில் மோல்டிங் அடிப்பவர், லேத்தில் இருபது வருடம் நின்றவர். அவரிடம் புள்ளிவிவரம் எடுபடாது. நான் அவரையே மேசைக்கு அழைத்து மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து, மகனுக்கு அளக்கக் காட்டச் சொல்வேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, துண்டைத் துடைத்து, ரேட்செட்டை மூன்று சொடுக்கு விட்டு, ஒரு வார்த்தையில் அளவைச் சொல்வார். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு பேசுவது சுலபம்.

அவர் சம்மதித்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. சிலர் சம்மதிப்பதில்லை, அவர்கள் காரணங்களும் காரணங்கள்தான்.

எப்போது, எவ்வளவு செலவு

ஜூனில் சுற்றிப் பார்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அளவீடு, பாடமும் அப்போதுதான் ஓடும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கிராஃப் தாள் விளையாட்டு. நவம்பர், டிசம்பரில் பட்டறை. தீபாவளிக்கு முன் எந்தப் பட்டறைக்காரரையும் தொந்தரவு செய்யாதீர்கள், டெலிவரியும் போனஸும் கழுத்தில் நிற்கும். ஜனவரியில் அண்ணன், அக்காக்கள், பெற்றோர் கூட்டம். பத்தாம் வகுப்புக்கு அதற்கு மேல் நேரம் கேட்டால் தலைமையாசிரியர் முறைப்பார்.

செலவென்று பார்த்தால் இரண்டு மைக்ரோமீட்டர், நான்கு வெர்னியர், கிராஃப் தாள், பட்டறைக்குப் போக ஒரு வேன். அளவிகள் ஆய்வகத்திலேயே இருக்கும், துருப்பிடித்திருந்தால் ஒரு கருவிக்காரரிடம் காட்டிச் சுழிப்பிழை பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடக் கடைசியில் சான்றிதழ் அச்சடிக்க வேண்டாம். பட்டறையிலிருந்து வந்த ரிஜெக்ட் துண்டுகளில் ஆளுக்கொன்று கொடுத்து, அவரவரே அளந்து, அந்த அளவைப் பெயின்ட் மார்க்கரில் துண்டின் மேலேயே எழுதி வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். டிஜிட்டல் வெர்னியரில் அளந்து எழுதினால் செல்லாது.